ஒட்டியாணத்துக்கு அடியில் போன குழாய்

"நீ ஒரு நாளாவது அரைமண்டியில உட்கார்ந்திருக்கியாம்மா? காலுல சலங்கை கட்டிண்டிருக்கியா? அப்புறம் எந்த தைரியத்துல ஆடற குழந்தைக்கு மருந்து அளவு சொல்ல வந்தே?"

மயிலாப்பூரில் ஒரு மாடிக் கூடத்தில், பதினைந்து மாணவிகள் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு நடன ஆசிரியை என்னிடம் இப்படிக் கேட்டார். நான் இந்த வேலைக்கு வந்து அப்போது நான்கு வருடம் ஆகியிருந்தது. "ஆடத் தெரியாது டீச்சர். இன்சுலின் தெரியும்" என்றேன். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நல்ல பதில் சொன்னோம் என்று பஸ்ஸில் திரும்பும்போது என்னை நானே மெச்சிக்கொண்டேன். அந்தப் பதில் என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்று உங்களுக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

இப்படியெல்லாம் ஓய்வு பெறுகிறவர்கள்தான் எழுதுவார்கள். எனக்கு முப்பத்திரண்டு வயதுதான். ஆனால் அடையாறு கிளினிக்கில் ஒன்பது வருடம் உட்கார்ந்த நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். சர்க்கரை நோய் ஆலோசகர்களாகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் நான்கு பேரில் ஒருவர் அதில் உட்காரப் போகிறீர்கள். பம்பை எப்படி நிரப்புவது, ஊசிக்குழலை எத்தனை நாளைக்கு ஒருமுறை மாற்றுவது என்பதெல்லாம் கையேட்டில் இருக்கிறது. கையேட்டில் இல்லாத ஒன்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதலில் என்னைப் பற்றி. சைதாப்பேட்டை கோர்ட்டுக்குப் பக்கத்தில் என் அம்மாவின் இஸ்திரி வண்டி இருக்கிறது. வக்கீல்களின் கறுப்புக் கோட்டுக்கு மடிப்பு எடுத்துத்தான் என்னை நர்சிங் படிக்க வைத்தார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். இதைச் சொல்வதில் எனக்குப் பெருமை உண்டு, இப்போதும் உண்டு. ஆனால் அந்தப் பெருமைக்குள் ஒரு பயம் ஒளிந்திருந்தது. தெரியாததைக் கேட்டால், 'இவள் படித்தவள்தானா' என்று யாராவது நினைத்துவிடுவார்களோ என்ற பயம். படித்த வீட்டுப் பிள்ளைகள் கூசாமல் "தெரியலையே" என்று சொல்வதை வாயைப் பிளந்து பார்த்திருக்கிறேன். எனக்கு அந்தச் சொல் வராது.

வடிவு எங்களிடம் வந்தபோது அவளுக்குப் பதினான்கு வயது. அப்பா தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறார். தென்மாவட்டத்திலிருந்து வந்த குடும்பம். கடையில் எல்லோரும் அவரை அண்ணாச்சி என்பார்கள், நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். எட்டு வயதில் அவளுக்கு டைப் ஒன் சர்க்கரை வந்தது. அதே வருடம்தான் நடன வகுப்பிலும் சேர்ந்தாள். ஆறு வருடம் ஊசியோடு ஆடினாள். அரங்கேற்றத்துக்கு ஒரு வருடம் இருக்கும்போது எங்கள் கிளினிக் டாக்டரம்மா அவளுக்குப் பம்ப் போடச் சொன்னார்.

பம்ப் என்பது என்ன என்று உங்களுக்குத் தெரியும். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கருவி. அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் கிளம்பி, தோலுக்கடியில் செருகிய ஊசிக்குழலில் முடிகிறது. அது வழியாக நாள் முழுக்கச் சொட்டுச் சொட்டாக இன்சுலின் போகும். ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள். ஊசி போட்டுக்கொள்பவருக்கு ஒரு நாள் நீடிக்கும் மருந்து உடம்பில் இருக்கும். பம்ப் கட்டியவருக்கு அந்தச் சொட்டைத் தவிர வேறு எதுவும் இல்லை. சொட்டு நின்றால் சில மணி நேரத்தில் உடம்பு கொழுப்பை எரிக்க ஆரம்பித்து, இரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் ஏறும். அது உயிருக்கே ஆபத்து.

அண்ணாச்சிக்கு ஆரம்பத்திலிருந்தே மனம் ஒப்பவில்லை. முதல் நாளே என்னிடம் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

"இந்தா பாரும்மா, நான் ஒண்ணு சொல்லுதேன். பிள்ளைக்கு ஆட்டம்னா உசுரு. அதனால சரிங்கேன். ஆனா ஆடும்போது ஒருநாள் அவளுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னு வையி, அன்னையோட சலங்கையக் கழட்டி வச்சிர வேண்டியதுதான். பெறவு எவரு வந்து பேசினாலும் கேக்க மாட்டேன்."

வடிவு பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கும் எனக்கும் அப்போதே தெரியும், எதைப் பணயம் வைத்து ஆடுகிறோம் என்று.

அதற்குப் பிறகுதான் டீச்சரைப் பார்க்கப் போனேன். அவர் கேட்ட கேள்வியும் நான் சொன்ன பதிலும் தெரியுமே. ஆனால் அவர் கெட்டவர் இல்லை. வாரத்துக்கு ஒரு கேள்வியாகக் கேட்டு எல்லாவற்றையும் புரிந்துகொண்டார். அவருடைய கவலையெல்லாம் மேடை. "வயத்துல ஒரு டப்பா புடைச்சிண்டு நின்னா நன்னாவா இருக்கும்?" என்றார். தையல்காரரிடம் சொல்லி ரவிக்கையின் முதுகுப் பக்கம் உட்புறமாக ஒரு பை தைத்தோம். பம்ப் அங்கே. ஊசிக்குழல் வயிற்றில். நடுவே குழாய், இடுப்பைச் சுற்றி, ஒட்டியாணத்துக்கு அடியில்.

நான் கவனமில்லாமல் செய்யவில்லை. வடிவை ஒட்டியாணத்தோடு கிளினிக்குக்கு வரச் சொன்னேன். பள்ளிச் சீருடைக்கு மேல் கட்டிக்கொண்டு அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள், எழுந்தாள், குனிந்தாள். குழாய் எங்கும் மடியவில்லை. பம்ப் தடையில்லாமல் ஓடியது. கோப்பில் 'சோதித்தாயிற்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அரங்கேற்றத்துக்கு ஒரு வாரம் முன்னால் டீச்சர் இன்னொன்று கேட்டார். "அது அப்பப்போ பீப் பீப்னு கத்தறதே. வர்ணத்துக்கு நடுவுல கத்தினா எல்லாரும் செல்போன்னு நினைச்சுப்பா. அதை வாயை மூடச் சொல்ல முடியாதா?"

முடியும். அந்தப் பழைய மாடலில் ஒலியை அணைத்து வெறும் அதிர்வாக மாற்றலாம். நான் யோசித்தேன். பம்ப் கட்டிக்கொண்டு ஆடினால் ஒரு தொந்தரவும் இல்லை என்று நான்தான் இவர்களிடம் ஒரு வருடமாகச் சொல்லிவருகிறேன். இப்போது முடியாது என்றால்? "அதிர்வுல வச்சிக்கலாம் டீச்சர். முதுகுலதானே இருக்கு, அவளுக்குத் தெரியும்" என்றேன்.

கூடவே, ஆடும்போது சர்க்கரை தாழ்ந்துவிடக் கூடாது என்று, மேடையேற ஒன்றரை மணி நேரத்துக்கு முன்பிருந்தே சொட்டின் அளவைப் பாதியாகக் குறைத்தேன். அது சரியான கணக்கு. ஆனால் சொட்டு குறைந்தால் அடைப்பைப் பம்ப் கண்டுபிடிக்கவும் நேரமாகும். அதை நான் அப்போது சேர்த்து யோசிக்கவில்லை.

அரங்கேற்றம் மயிலாப்பூரில் ஒரு சபாவில். மூன்றரை மணிக்கே ஒப்பனை தொடங்கியது. மேக்கப் மாமா என்று பிள்ளைகள் கூப்பிடும் ஒப்பனைக்காரர் முகம் எழுதி, நகை பூட்டி, எல்லாம் முடிந்து கடைசியில் விரல் நுனிகளில் சிவப்புப் பூசினார். ஒட்டியாணம் கட்டும்போது நான் அறைக்கு வெளியே அண்ணாச்சியின் உறவினர்களுக்குப் பம்ப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தேன். அவர்களில் ஒரு பெரியவர், "நீ டாக்டருக்குப் படிச்சிருக்கியாம்மா?" என்று கேட்டது எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆறு மணிக்குத் திரை விலகியது. மேடையேறும் முன், விரலுக்குச் சாயம் பூசுவதற்குள் பார்த்த சர்க்கரை இருநூற்றுப் பத்து. படபடப்பில் கொஞ்சம் ஏறும், அதற்கு மருந்து கொடுத்தால் ஆடும்போது தடாலென்று விழும்; அதனால் விட்டுவிட்டேன். முதல் மூன்று உருப்படிகளும் அழகாக முடிந்தன. அடுத்தது வர்ணம், இருப்பதிலேயே நீளமான உருப்படி, முக்கால் மணி நேரம். பக்கத் திரைக்குப் பின்னால் குளுக்கோஸ் பாட்டிலோடு நான் நின்றேன். சர்க்கரை தாழ்வதற்காக மட்டுமே காத்துக்கொண்டு நின்றேன்.

வர்ணம் முடிந்து உடை மாற்றப் பத்து நிமிடம். வடிவு உள்ளே வந்ததும் "தண்ணி" என்றாள். ஒரு பாட்டிலை நிறுத்தாமல் குடித்தாள். இன்னொன்று கேட்டாள்.

"வயித்தப் பொரட்டுதுக்கா" என்றாள்.

"டென்ஷன்டி கண்ணா, எல்லாருக்கும் வர்றதுதான்" என்றார் டீச்சர்.

விரலைப் பிடித்தேன். நுனியெல்லாம் சிவப்பு. பஞ்சால் துடைத்தேன், போகவில்லை. குத்தியபோது எது சாயம், எது இரத்தம் என்று தெரியவில்லை. சாயம் படாத இன்னோர் இடத்தைத் தேடி, உள்ளங்கையின் ஓரத்தில் குத்தினேன். முந்நூற்று எண்பத்தாறு.

அந்த நேரத்தில் மேக்கப் மாமா அடுத்த உடைக்காக ஒட்டியாணத்தின் கொக்கியை அவிழ்த்தார். வடிவின் இடுப்பில் அதன் பூவேலை அப்படியே பதிந்திருந்தது. அந்தப் பதிவுக்கு நடுவே குழாய் இரண்டாக மடிந்து, நசுங்கி ஒட்டிக் கிடந்தது. ரவிக்கைப் பையிலிருந்து பம்பை உருவினேன். 'இன்சுலின் செல்லவில்லை' என்று திரையில் ஓடிக்கொண்டிருந்தது. அது அவள் முதுகில் வெகு நேரமாக அதிர்ந்திருக்கிறது. இரண்டு காலிலும் சலங்கையைக் கட்டிக்கொண்டு மேடை அதிரத் தட்டி ஆடுகிறவளுக்கு முதுகில் ஒரு டப்பா அதிர்வது எப்படித் தெரியும்?

ஒட்டியாணம் கட்டியது நாலே காலுக்கு. அப்போது மணி ஏழரை தாண்டியிருந்தது.

கீட்டோன் பார்த்தேன். அரையைத் தாண்டக் கூடாதது, இரண்டுக்கு மேல்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். உங்களுக்கு இது வரும். இதே மாதிரி வராது, வேறு மாதிரி வரும்.

டீச்சர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். "குழாயை நேராக்கிட்டே, இல்லையா? மருந்து போயிடும், இல்லையா? இன்னும் ஒரு பதம், தில்லானா, மங்களம். நாப்பது நிமிஷம்தான்மா. மங்களம் பாடாம அரங்கேற்றத்தை நிறுத்தப்படாது. ஏழு வருஷம் உழைச்சிருக்கா."

வடிவு என்னைப் பார்த்து, "ஊசி போட்டு விடுங்கக்கா, ஆடிருதேன்" என்றாள். சொல்லும்போதே வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

டாக்டரம்மாவுக்கு போன் அடித்தேன். முழுவதும் அடித்து ஓய்ந்தது. இன்னொரு முறை. எடுக்கவில்லை.

ஊசி போட்டுவிட்டு ஆட விடலாம் என்று எனக்கும் தோன்றியது. தோன்றவில்லை என்று சொன்னால் பொய். வெளியே நானூறு பேர். ஊசி வேலை செய்ய ஆரம்பித்துவிடும், நாற்பது நிமிடம்தானே, யாருக்கும் ஒன்றும் தெரிய வேண்டியதில்லை, என் ஒரு வருடப் பேச்சும் உண்மையாகிவிடும். ஆனால் கீட்டோன் ஏறியிருக்கும்போது ஆடினால் அது இன்னும் ஏறும். நடுமேடையில் அவள் வாந்தி எடுத்து மூச்சு வாங்கினால் அங்கே நான் என்ன செய்வேன்? இந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்டுக்கொண்டேன்.

அதற்குள் அண்ணாச்சி வந்துவிட்டார். ஒருவரையும் பார்க்கவில்லை. என்னை மட்டும் பார்த்தார்.

"ஆடலாமா, வேண்டாமா? ஒத்தச் சொல்லு."

"வேண்டாம் அண்ணாச்சி."

அவர் ஒரு நொடிகூட நிற்கவில்லை. வேட்டியைச் சரிசெய்துகொண்டு நேராக மேடைக்குப் போய்க் கைகூப்பினார். "பிள்ளைக்கு மேலுக்கு முடியல. எல்லாரும் மன்னிக்கணும். இருந்து சாப்பிட்டுட்டுப் போங்க" என்று அவர் சொன்னது உள்ளே கேட்டது. நாற்காலிகள் நகரும் சத்தத்தைக் கேட்டு வடிவு அழ ஆரம்பித்தாள். நெற்றிச்சுட்டியும் ராக்கொடியும் பூட்டிய தலையோடு அழுதாள். நான் பேனா ஊசியில் அவள் தொடையில் மருந்து போட்டேன். அவள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். காரில் ஏறும்போது டாக்டரம்மா கூப்பிட்டார். "நிறுத்திட்டேன் டாக்டர்" என்றேன். "கூட்டிட்டு வா, நான் ஆஸ்பத்திரிக்கு வந்துடறேன்" என்று மட்டும் சொன்னார். மறுநாள் காலையில் கீட்டோன் இறங்கிவிட்டது.

உயிரைக் காப்பாற்றிய கதை என்று நினைத்து இங்கே நிறுத்திவிடாதீர்கள். பலர் அப்படித்தான் சொன்னார்கள். "நல்லவேளை நீங்க இருந்தீங்க." அதைக் கேட்கும்போதெல்லாம் நான் அங்கிருந்து நகர்ந்துவிடுவேன். ஏனென்றால் இரண்டு நாளில் வேறு ஒரு பேச்சும் கிளம்பியிருந்தது. மேக்கப் மாமா ஒட்டியாணத்தை இறுக்கிக் கட்டிவிட்டார், அதனால்தான் இப்படி ஆனது என்று. டீச்சர் அவரை இனி கூப்பிடுவதில்லை என்று சொல்லிவிட்டார். வேறு இரண்டு டீச்சர்களும் அதையே சொன்னார்கள்.

நான் அவரைத் தேடிப் போனேன். ஆதம்பாக்கத்தில் ஒரு சந்துக்குள் வீடு. வாசலில் உட்கார்ந்து சவுரிமுடி சீவிக்கொண்டிருந்தார்.

"இறுக்கித்தான் கட்டுனேன். இல்லேன்னு யாரு சொன்னது?" என்றார். "முப்பது வருசமா அப்டித்தான் கட்டிக்கினு கீறேன். மூச்ச உள்ள இழுத்துப் புடிக்கச் சொல்லி, அப்பால கொக்கி மாட்டுவேன். இல்லாகாட்டி ஆடச்சொல்ல லூசாகி நழுவிக்கும். ஒட்டியாணம் மேடையில அவுந்துச்சின்னா மானம் பூடாது?"

அவர் சவுரியைக் கீழே வைத்தார்.

"நீ ஒரு வார்த்த கேட்டிருந்தா நானே சொல்லிருப்பேன்மா. ரூமுக்கு வெளியதான நின்னுக்கினு இருந்த?"

மூச்சை இழுத்துப் பிடித்துக் கட்டுவார்கள். இவ்வளவுதான். சென்னையில் நடனம் கற்கும் எந்தச் சிறுமிக்கும் தெரிந்த விஷயம். வடிவுக்கும் தெரியும், நான் கேட்கவில்லை, அதனால் அவள் சொல்லவில்லை. கிளினிக் நாற்காலியில் சீருடைக்கு மேல் தளர்வாகக் கட்டிப் பார்த்து 'சோதித்தாயிற்று' என்று எழுதியவள் நான். ஒலியை அணைத்ததும் நான். ஆடத் தெரியாது என்று டீச்சரிடம் பெருமையாகச் சொன்னவள், ஆட்டத்தைப் பற்றி ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்.

அன்று மாலையே டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கோப்பில் எழுதச் சொன்னார், எழுதினேன். மறுநாள் தி.நகர் கடைக்குப் போனேன். மாடியில் புடவைக் கட்டுகளுக்கு நடுவே அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். காபி வரவழைத்தார். நான் குடிக்காமல் சொல்லி முடித்தேன்.

அவர் ஒரு புடவையின் முனையைத் தடவினார்.

"அப்ப அந்த மேக்கப்காரர் மேல தப்பில்லங்கே?"

"இல்ல அண்ணாச்சி. என் மேலதான்."

"நீ சொல்லலேன்னா எனக்குத் தெரியவே போறதில்ல."

"ஆமா."

"சரி. சொன்னதுக்கு உன்னைய ஒண்ணும் சொல்ல மாட்டேன். டீச்சர்ட்டயும் நீயே போயி சொல்லிரு, அந்த மனுசன் பொழப்பு போயிரும். ஆனா முதல்நாளே நான் சொல்லியிருக்கேன். பிள்ள இனிமே ஆடாது."

டீச்சரிடமும் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. "நானும்தானே அதை வாயை மூடச் சொன்னேன்" என்றார். அன்றே மேக்கப் மாமாவைப் போனில் கூப்பிட்டார். அந்த ஒன்று மட்டும் சரியானது.

வடிவு ஏழு மாதம் ஆடவில்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கிளினிக்குக்கு வருவாள். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில். மூன்றாவது முறை வந்தபோது கதவு வரை போய்விட்டுத் திரும்பி வந்தாள்.

"நீங்கதான நிறுத்தினீங்க? நீங்கதான் திரும்ப ஆரம்பிக்க வைக்கணும்" என்றாள். கோபமாகத்தான் சொன்னாள். அத்தனை மாதத்தில் அவள் என்னிடம் பேசிய மிக நீளமான வாக்கியம் அதுதான்.

நான் அண்ணாச்சியிடம் வாக்குறுதி எதுவும் கொடுக்கவில்லை. மூன்று சனிக்கிழமை மட்டும் கேட்டேன். டீச்சர் வீட்டு மாடியில், முழு உடையோடு, முழு நேரம். அவர் உட்கார்ந்து பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு அவரே முடிவு சொல்லட்டும். "பாக்கேன். ஆனா வாக்கு கிடையாது" என்றார்.

அந்த முறை எல்லோரையும் கேட்டேன். ஊசிக்குழலை இடுப்புக்குக் கீழே, பின்பக்கம் போட்டோம். பம்ப் தொடைப் பக்கம். குழாய் எந்த இடத்திலும் ஒட்டியாணத்தைத் தாண்டக் கூடாது. உடையை அவிழ்க்காமல் பம்பை எடுக்க ஒரு திறப்பு வேண்டும். அதை எங்கே வைப்பது என்று தையல்காரருக்குப் பிடிபடவில்லை. உடையை வீட்டுக்கு எடுத்துப் போனேன். அம்மா விசிறி மடிப்பை இரண்டு விரலால் பிரித்துப் பார்த்தார்.

"இன்னாடி இது, மடிப்புக்குள்ள மடிப்பா கீது? இத்த எவன் தேய்ப்பான்?"

"தேய்க்க இல்லம்மா. கை போற மாதிரி ஒரு வழி வேணும். வெளிய தெரியக் கூடாது."

"மூணாவது மடிப்பாண்ட பிரிச்சு ஊக்கு வை. அங்கதான் துணி ரெட்டையா வருது, பிரிச்சாலும் தெரியாது. இதுக்கா இவ்ளோ படிச்ச?"

அங்கேயே வைத்தோம். மேக்கப் மாமாவே வந்து, மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லி ஒட்டியாணம் கட்டினார். இந்த முறை நான் அறைக்குள் இருந்தேன். இடது கைச் சுண்டுவிரலுக்குச் சாயம் பூச வேண்டாம் என்று டீச்சரே சொன்னார். பம்பின் ஒலி முழுச் சத்தத்தில்.

முதல் சனிக்கிழமை ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது சனிக்கிழமை தில்லானாவின் நடுவே வடிவு சட்டென்று நின்றாள்.

"டீச்சர், நிக்கறேன். கை நடுங்குது."

டீச்சர் தாளத்தை நிறுத்தினார். வடிவு தரையில் உட்கார்ந்தாள். சுண்டுவிரலில் அவளே குத்திப் பார்த்துக்கொண்டாள். அறுபத்து மூன்று. ஏழு மாதம் ஆடாத உடம்பு, நான் போட்ட கணக்கைவிட வேகமாகச் சர்க்கரையைச் செலவழித்திருக்கிறது. குளுக்கோஸ் கரைத்துக் குடித்தாள். நான் எழுந்திருக்கவேயில்லை. அவளே எல்லாவற்றையும் செய்ய வேண்டும் என்றுதான் அந்த மூன்று சனிக்கிழமைகள். அண்ணாச்சி எழுந்து நின்றுவிட்டார். போகிறாரோ என்று நினைத்தேன். கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி அப்படியே நின்றார். கால் மணி நேரம் கழித்து வடிவு மறுபடி குத்திப் பார்த்தாள். நூற்றுப் பதினெட்டு. இன்னும் ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து, "விட்ட எடத்துலேர்ந்து டீச்சர்" என்றாள்.

தில்லானா முடிந்தது. மங்களமும் முடிந்தது.

அண்ணாச்சி படியிறங்கும்போது என்னிடம் கேட்டார்: "நிறுத்திட்டு மறுபடி ஆரம்பிக்கலாம்னு அன்னைக்கு ஏம்மா ஒருத்தரும் சொல்லல?"

அன்றைக்கு அந்த உடல்நிலையில் ஆரம்பித்திருக்க முடியாது. ஆனால் அவர் கேட்டது அது இல்லை. நிறுத்தலாம் என்பதை வடிவுக்கு நான் ஒருபோதும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. நிறுத்தவே தேவையிருக்காது என்றுதான் சொல்லிக் கொடுத்திருந்தேன். முதுகில் அதிர்ந்தது தெரிந்திருந்தால்கூட அவள் அன்று நின்றிருப்பாளா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

மூன்றாவது சனிக்கிழமைக்கு அண்ணாச்சி வரவில்லை. "மண்டபத்துக்குச் சொல்லியாச்சு" என்று கடைப் பையனிடம் சொல்லி அனுப்பினார்.

இரண்டாவது அரங்கேற்றம் தி.நகரில் ஒரு பள்ளி மண்டபத்தில் நடந்தது. முந்தைய கூட்டத்தில் பாதிதான். திரை விலகும் முன் டீச்சர் மைக்கைப் பிடித்தார்.

"நடுவுல பீப்னு ஒரு சத்தம் கேட்டா, அது யாரோட செல்போனும் இல்லை. குழந்தையோட இன்சுலின் பம்ப். அவ நிறுத்துவா, உட்காருவா, வேணுங்கறதைப் பண்ணிப்பா. அப்புறம் எழுந்து ஆடுவா. அது வரைக்கும் நீங்கள்லாம் காத்துண்டிருக்கணும். காத்திருக்க முடியாதவா இப்பவே கிளம்பலாம்."

ஒருவரும் கிளம்பவில்லை. பதத்தின் நடுவே நிஜமாகவே யாருடைய செல்போனோ அலறியது. மண்டபம் முழுக்க வடிவின் இடுப்பையே பார்த்தது. அவள் நிற்கவில்லை. முன்வரிசையில் ஒருவர் முகம் சிவந்து போனை அணைத்தார். பம்ப் கடைசிவரை வாய் திறக்கவில்லை. மங்களம் பாடும்போது அண்ணாச்சி பக்கத் திரைக்குப் பின்னால் என் பக்கத்தில் நின்றார். என்னுடைய குளுக்கோஸ் பாட்டிலைத் தன் கையில் வாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

இப்போது வடிவுக்குப் பத்தொன்பது வயது. தன் அளவுகளைத் தானே போட்டுக்கொள்கிறாள். சில சமயம் என் கணக்கைத் திருத்துகிறாள்.

ஒன்பது வருடத்தில் எத்தனை பேருக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஓடவும் நீந்தவும் பந்தடிக்கவும் அளவு எழுதிக் கொடுத்திருப்பேன் என்று நினைத்துப் பார்த்தேன். அவர்களுடைய மைதானத்தை நான் பார்த்ததில்லை. எங்கே பெல்ட் கட்டுகிறார்கள், எப்போது தண்ணீர் குடிக்கிறார்கள், யார் முன்னால் நிறுத்த வெட்கப்படுகிறார்கள் என்று தெரியாது. நல்லபடியாகப் போனது என்றால் அது அவர்கள் சமாளித்துக்கொண்டது. டாக்டரம்மா எனக்குத் தர முன்வந்த தலைமை ஆலோசகர் பதவியை வேண்டாம் என்றேன். வாரத்தில் நான்கு நாள் வெளியே போகிற வேலையைக் கேட்டேன். "அப்படி ஒரு வேலையே கிளினிக்கில் இல்லையே" என்றார். அது என்ன வேலை என்று எழுதிக்கொண்டு போயிருந்த இரண்டு பக்கத்தை நீட்டினேன்.

அந்த வேலையில் சேர்ந்து ஒரு வாரம் ஆகிறது. திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு அடையாறு பக்கம் ஒரு மைதானத்துக்குப் போனேன். நானூறு மீட்டர் ஓடும் ஒரு கல்லூரி மாணவி, பம்ப் போட்டு ஒரு மாதம்தான் ஆகிறது. அவளுடைய கோச் என் பையையும் என்னையும் பார்த்தார்.

"நீங்க எதுக்கு மேடம் இவ்ளோ காலைல? பேப்பர்ல எழுதிக் குடுத்தா நாங்க பாத்துக்கப் போறோம்."

"எழுதறதுக்கு முன்னாடி கேக்க வந்தேன் சார். எனக்கு ஓட்டத்தைப் பத்தி ஒண்ணும் தெரியாது. கோட்டுல குனிஞ்சு நிக்கறப்போ இடுப்புல எந்த எடம் மடங்கும்?"

அவர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, அந்தப் பெண்ணைக் கோட்டில் போய் நிற்கச் சொன்னார். நான் ஈரப் புல்லில் மண்டியிட்டு நோட்டைத் திறந்தேன்.